மூளையில் இரும்பு சேரும் நோய்: பெயர் தெரியும் முன்பே தொடங்க வேண்டிய வேலைகள்

என் மகள் நான்கரை வயதில் நடக்கும்போது அடிக்கடி விழ ஆரம்பித்தாள். அவளுக்கு என்ன நோய் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தபோது அவளுக்கு ஏழே கால் வயது. இடையில் போன இரண்டே முக்கால் ஆண்டில் நாங்கள் செய்த பெரிய தவறு, நோயின் பெயர் தெரிந்த பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்ததுதான். உடல் முறுக்கலுக்கு மருந்து, மாற்றுத்திறனாளி சான்றிதழ், அவசரக் கடிதம் மூன்றுக்கும் மரபணு அறிக்கை தேவையே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. நீங்கள் அப்படிக் காத்திருக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. என்.பி.ஐ.ஏ. என்பது ஒரே நோய் அல்ல. மூளையின் உட்பகுதியில், முக்கியமாகக் குளோபஸ் பாலிடஸ் என்ற இடத்தில், இரும்பு படியும் பரம்பரை நோய்கள் பலவற்றுக்கு அது பொதுப்பெயர். அவற்றில் ஏறக்குறைய பாதி, என் மகளுக்கு இருக்கும் பி.கே.ஏ.என். வகை. 20ஆம் குரோமோசோமில் இருக்கும் பி.ஏ.என்.கே.2 மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால் இது வரும். வைட்டமின் பி5-இலிருந்து உடல் கோஎன்சைம்-ஏ தயாரிக்கும் வழியில் முதல் படி அங்கே தடைபடுகிறது. பெரும்பாலும் ஆறு வயதுக்கு முன் தொடங்கி வேகமாக முற்றும். சிலருக்குப் பதின்ம வயதில் பேச்சுக் குழறலாகவோ மனநிலை மாற்றமாகவோ தொடங்கி மெதுவாகப் போகும். நோயை நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் வலியைக் குறைக்க, விழுவதைத் தடுக்க, சாப்பிட வைக்க, தூங்க வைக்கச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

1. "இழுப்பு" என்று சொல்லாதீர்கள், வீடியோ காட்டுங்கள்

முதல் ஓ.பி.யில் நான் சொன்ன வார்த்தை, "கால் இழுத்துக்கிது டாக்டர்." சீட்டில் வலிப்பு என்று எழுதினார்கள். எட்டு மாதம் வலிப்பு மாத்திரை கொடுத்தோம். எந்த மாற்றமும் இல்லை, பிள்ளை தூங்கி வழிந்ததுதான் மிச்சம். நம் ஊரில் இழுப்பு என்றால் வலிப்பு, மூச்சிரைப்பு, தசை முறுக்கல் மூன்றுமே. மருத்துவருக்கு எது என்று எப்படித் தெரியும்?

என் மகளுக்கு இருந்தது டிஸ்டோனியா. தசைகள் தாமாக இறுகி, பாதம் உள்பக்கம் திரும்பி, கை பின்னால் முறுக்கிக்கொள்ளும். அந்த நேரத்திலும் அவளுக்கு நினைவு தெளிவாக இருக்கும், கூப்பிட்டால் பார்ப்பாள். ஆழ்ந்து தூங்கினால் முறுக்கல் தளர்ந்துவிடும். இந்த இரண்டு விவரத்தையும் முதல் நாளே சொல்லியிருந்தால் எங்கள் கதை வேறாக இருந்திருக்கும்.

போனில் நான்கு வீடியோ எடுத்து வையுங்கள்: நடப்பது, கையால் எழுதுவது அல்லது சாப்பிடுவது, பேசுவது, தூங்குவது. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போதும். முகமும் காலும் ஒன்றாகத் தெரிய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் மறுபடி எடுங்கள். மருத்துவருக்கு நான் கொடுத்தவற்றில் அதிகம் உதவியது அந்த வீடியோக்கள்தான்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் மாவட்ட ஆரம்பகாலத் தலையீட்டு மையத்துக்குப் போங்கள். 18 வயதுவரை பார்க்கிறார்கள், கட்டணம் இல்லை.

2. எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

எங்கள் முதல் ஸ்கேன் "நார்மல்" என்று வந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து வேறு ஊரில் எடுத்த இரண்டாவது ஸ்கேனில் "புலிக்கண்" தெரிந்தது. டி2 படத்தில் குளோபஸ் பாலிடஸ் கருப்பாகவும், அதன் நடுவில் வெள்ளைப் புள்ளியுமாகத் தெரிவதை அப்படிச் சொல்கிறார்கள். கருப்பு, இரும்பு படிந்த இடம்.

சீட்டில் டி2 மட்டுமல்லாமல் எஸ்.டபிள்யூ.ஐ. படமும் வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இரும்பு அதில் நன்றாகத் தெரியும். "இரும்புப் படிவு, வில்சன் நோய் இரண்டையும் பார்க்கவும்" என்று காரணமும் அதில் இருக்கட்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் அறிக்கை எழுதுபவர் அந்த இடத்தில் நின்று பார்ப்பார்.

ஃபிலிம் போதாது, படங்கள் பதிந்த சி.டி. தட்டையும் கட்டாயம் வாங்குங்கள். எங்கள் முதல் ஸ்கேனுக்கு சி.டி. வாங்கவில்லை. அதை மறுபடி வாசிக்க வழியில்லாமல், 9,000 ரூபாய் கொடுத்துப் புதிதாக எடுத்தோம். சின்னப் பிள்ளைக்கு மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்கள். எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்று முந்தின நாளே கேட்டுக்கொண்டு, காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். பசியும் அழுகையும் முறுக்கலைக் கூட்டும்.

வில்சன் நோயைத் தள்ளிவைத்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். அது செம்பு சேரும் நோய், இதே போல முறுக்கலும் பேச்சுக் குழறலும் வரும், ஆனால் மருந்து இருக்கிறது. ரத்தத்தில் செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பின் அளவு, கண் மருத்துவரின் ஸ்லிட்-லேம்ப் பரிசோதனை மூன்றும் முடிந்ததா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய ஒன்றைத் தவறவிடக் கூடாது.

கண்ணைப் பார்க்கும்போதே விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுவயதில் தொடங்கும் பி.கே.ஏ.என். பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு விழித்திரை தேயும். மாலை நேரத்தில் மட்டும் தட்டுத் தடுமாறினால் கால் மட்டுமே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள்.

3. மரபணுப் பரிசோதனை

எங்களுக்கு ஆன செலவு 24,000 ரூபாய், அறிக்கை வர ஆறு வாரம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் விலை மாறும். அரசு மருத்துவமனை வழியாகப் போனால் இலவசமாகவோ குறைந்த செலவிலோ செய்ய வாய்ப்பு உண்டு. மத்திய அரசின் உம்மீத் திட்டத்தில் 2019 முதல் "நிதான் கேந்திரா" என்ற பெயரில் மரபணு நோய் மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியிருக்கிறார்கள். பணம் கட்டும் முன் அதை விசாரியுங்கள்.

கட்டுவதென்றால் இவற்றைக் கவனியுங்கள்.

பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் அதே நாளில் கொடுத்துவிடுங்கள். பிள்ளையுடையதை மட்டும் கொடுத்துவிட்டு நாங்கள் திரும்பினோம். இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று அம்மாவிடமிருந்தும் ஒன்று அப்பாவிடமிருந்தும் வந்தனவா என்று உறுதிசெய்ய மறுபடி பயணம், மறுபடி பணம், மூன்று வாரம்.

விண்ணப்பத்தில் "நடக்கச் சிரமம்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். புலிக்கண் படம், டிஸ்டோனியா, விழித்திரை, தொடங்கிய வயது, சொந்தத்தில் திருமணமா என்பது எல்லாம் இருக்க வேண்டும். ஆய்வகம் அதை வைத்துத்தான் தேடுகிறது.

ஒரே ஒரு மாற்றம் மட்டும் கிடைத்தால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். மரபணுவில் ஒரு துண்டே காணாமல் போயிருந்தால் மரபணுக்களின் முக்கியப் பகுதிகளை வாசிக்கும் வழக்கமான எக்ஸோம் பரிசோதனையில் அது தப்பிவிடலாம். "டெலிஷன் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

"வி.யு.எஸ்." என்று வந்தால் ஆமாம் என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை. பொருள் இன்னும் தெளிவாகாத மாற்றம் என்று அர்த்தம். அதை வைத்து யாரும் கருவைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. மூலத் தரவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் ஓராண்டு கழித்து மறு ஆய்வு செய்யலாம்.

வகை எது என்பது வீட்டுக்கு ஏன் முக்கியம் என்றால், அடுத்த குழந்தையின் கணக்கே அதில்தான் இருக்கிறது. பி.கே.ஏ.என். என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பி.பி.ஏ.என். என்ற இன்னொரு வகை பெரும்பாலும் பிள்ளையிடமே புதிதாகத் தோன்றுவது, அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டுக்கும் பொதுப்பெயர் ஒன்றுதான். "என்.பி.ஐ.ஏ." என்று மட்டும் எழுதிய அறிக்கையோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள்.

ஒன்று மனதோடு சொல்கிறேன். என் கணவர் எனக்குத் தாய்மாமன் மகன். அறிக்கை வந்த வாரத்தில் என் மாமியார் வீட்டில் என் பக்கத்து வம்சத்தைப் பேசினார்கள். இது இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பிரதி வந்தால்தான் வரும். மரபணு ஆலோசகரிடம் போகும்போது வீட்டின் மூத்தவர் ஒருவரையும் அழைத்துப் போங்கள். நாங்கள் மாமனாரைக் கூட்டிப்போனோம். ஆலோசகர் தாளில் படம் போட்டுக் காட்டியதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை.

4. அவசரக் கடிதம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் இன்றே செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு டிஸ்டோனியா புயல் வரலாம். முறுக்கல் விடாமல் மணிக்கணக்கில் நீடிக்கும், காய்ச்சல் ஏறும், வியர்த்துக் கொட்டும், தசை சிதைந்து சிறுநீர் பழுப்பாகும், சிறுநீரகம் பாதிக்கும். ஐ.சி.யூ. தேவைப்படும் நிலை அது. தூண்டிவிடுவது பெரும்பாலும் சாதாரணமான ஒன்று: சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, காய்ச்சல், மருந்து தவறிப்போவது.

என் மகளுக்கு ஓர் இரவு வந்தது. நாங்கள் ஓடிய இடத்தில் பணியிலிருந்த இளம் மருத்துவர் இந்த நோயின் பெயரையே கேட்டதில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அரிய நோய் என்றால் அப்படித்தான். ஆனால் நான் நடுங்கியபடி மூன்று மணி நேரம் விளக்கியதை ஒரு தாள் மூன்று நிமிடத்தில் சொல்லியிருக்கும்.

உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு, ஒரே பக்கத்தில் இவற்றைக் கேளுங்கள்: நோயின் பெயரும் (பெயர் இன்னும் தெரியாவிட்டால் "டிஸ்டோனியா" என்றாவது) "இது வலிப்பு அல்ல" என்ற ஒரு வரியும், பிள்ளையின் எடை, தினமும் எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் எத்தனை மணிக்கு, புயல் வந்தால் முதலில் கொடுக்க வேண்டியது, தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. ரத்தப் பரிசோதனையும் சிறுநீரகப் பரிசோதனையும் உடனே எடுக்க வேண்டும் என்ற குறிப்பு, கொடுக்கக் கூடாதவை, யாரைத் தொடர்புகொள்வது. கொடுக்கக் கூடாதவற்றில் மெட்டோகுளோபிரமைடைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். வாந்திக்குச் சாதாரணமாகப் போடும் அந்த ஊசி முறுக்கலைக் கூட்டிவிடும். ஹாலோபெரிடாலும் அப்படித்தான். எடை மாறினால் கடிதத்தையும் மாற்ற வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.

நான்கு பிரதி எடுத்தோம். வீட்டுக் கதவின் உள்பக்கம், என் கைப்பை, கணவரின் வண்டிப் பெட்டி, பள்ளி. 108 வந்ததும் கதவிலிருந்து கிழித்து எடுத்துக்கொண்டு ஏறலாம்.

5. மருந்து: எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்

பேக்லோஃபென், டிரைஹெக்ஸிஃபெனிடில், குளோனஜிபாம் இந்த மூன்றும்தான் பெரும்பாலான வீடுகளில் ஓடுபவை. மாதச் செலவு தாங்கக்கூடியது, அரசு மருத்துவமனையில் இலவசமாகவும் கிடைக்கும். பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் கடுமையான முறுக்கலும் வலிப்பும் வரலாம். பொங்கல், தீபாவளி வாரங்களில் மருந்தகத்தில் இருப்பு தீர்ந்துபோகும், அதனால் எப்போதும் 15 நாள் மருந்தைக் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள். குறிப்பிட்ட தசை மட்டும் இறுகினால் போட்டாக்ஸ் ஊசி உதவும், சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். மூளைக்குள் மின்முனை வைக்கும் டி.பி.எஸ். அறுவைச் சிகிச்சை சிலருக்கு முறுக்கலைக் குறைக்கிறது, நோயை நிறுத்துவதில்லை. பல லட்ச ரூபாய் விஷயம், இரண்டு இடத்தில் கருத்துக் கேட்ட பிறகே முடிவெடுங்கள்.

இரும்பை எடுக்கும் டெஃபெரிப்ரோன் மாத்திரையைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். பி.கே.ஏ.என். நோயாளிகளிடம் 18 மாதம் நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. மூளையில் இரும்பு குறைந்தது, ஆனால் நோய் மெதுவானது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பலன் தெரியவில்லை. வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும் என்பதால் ரத்த எண்ணிக்கையைத் தொடர்ந்து பார்க்க வேண்டும், காய்ச்சல் வந்தால் அன்றே பார்க்க வேண்டும். மருத்துவர் கண்காணிப்பில் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதே மாத்திரையை எடுக்கும் தலசீமியா நோயாளி வீட்டிலிருந்து வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். பி.கே.ஏ.என். நோய்க்காகவே சோதித்த ஃபாஸ்மெட்பாண்டோடனேட் என்ற மருந்தின் ஆய்வும் 2019இல் தோல்வியில்தான் முடிந்தது.

முருங்கைக் கீரையையும் பேரீச்சையையும் நிறுத்தச் சொல்லி எங்களுக்கு நிறைய அறிவுரை வந்தது. மூளையில் படியும் இரும்பு தட்டில் இருக்கும் இரும்பால் வருவதல்ல. ரத்தத்தில் இரும்பு அளவு பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். வாய் இறுகி இறுகி எடை குறையும் பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குறைப்பது இரட்டைத் தண்டனை. இரும்புச் சத்து மாத்திரை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

ஸ்டெம் செல் என்று சொல்லி ஆறு லட்சம் கேட்டார்கள் எங்களிடம். இந்த நோய்க்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை எதுவும் இல்லை. நகையை அடகு வைக்கக் கிளம்பிய நாளில் என் தம்பி தடுத்தான்.

6. மாற்றுத்திறனாளி சான்றிதழும் யு.டி.ஐ.டி. அட்டையும்

யு.டி.ஐ.டி. என்பது நாடு முழுக்கச் செல்லும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. விண்ணப்பம் மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில், இலவசம். இ-சேவை மையத்தில் போட்டால் சேவைக் கட்டணம் மட்டும். வேண்டியவை: ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, மருத்துவ அறிக்கைகள். அதன் பிறகு அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்கு நாள் தருவார்கள். 40 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் வெள்ளை அட்டை, அதற்கு மேல் மஞ்சள், 80 ஆனால் நீலம்.

பொறி எங்கே என்றால், எந்தக் குறைபாட்டின் கீழ் எழுதுகிறார்கள் என்பதில். 2016 சட்டத்தில் 21 வகை உண்டு. எங்களுக்கு முதலில் "இயக்கக் குறைபாடு" என்று மட்டும் எழுதினார்கள். பேச்சு, கண், அறிவுத்திறன் எதையும் மதிப்பிடவில்லை. கேட்டால்தான் மற்ற துறைக்கு அனுப்புகிறார்கள். "அறிவுத்திறன் குறைபாடு" அல்லது "பல்வகைக் குறைபாடு" என்று வந்தால்தான் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடும், 18 வயதுக்குப் பின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் சட்டப் பாதுகாவலர் நியமனமும் கிடைக்கும். நிராமயாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை, தெரப்பிச் செலவும் ஓ.பி. செலவும்கூட வாங்கலாம். விழுக்காட்டை அப்படியே கூட்டமாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 60ம் 30ம் சேர்ந்தால் 90 அல்ல, அவர்கள் சூத்திரப்படி 70.

மதிப்பீட்டு நாளன்று பிள்ளை நன்றாகத் தூங்கி எழுந்து தளர்ந்திருப்பாள். நம் கெட்ட நாள் அவர்களுக்குத் தெரியாது. வீடியோவை அங்கேயும் காட்டுங்கள்.

அட்டை வந்த வாரமே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். கடும் பாதிப்பு என்றால் 75 விழுக்காடு, அறிவுத்திறன் குறைபாடு என்றால் 40 என்று வகைக்கு ஒரு வரம்பு. அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். ஆதாரில் ஓர் இனிஷியல் மாறியிருந்ததால் எங்கள் மனு நான்கு மாதம் நின்றது.

ரயில் சலுகைக்கு ரயில்வே தரும் தனி அடையாள அட்டை எடுத்தால், துணை இல்லாமல் பயணிக்க முடியாதவருக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் குறையும். வட்டார வள மையத்தில் பெயர் பதிந்தால் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே சிறப்பாசிரியர் வருவார். பிசியோதெரப்பிக்கு "மக்களைத் தேடி மருத்துவம்" ஆட்களிடம் கேளுங்கள்.

7. சிகிச்சைக்கான பணம்

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் போதும்.

அரிய நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கையில் ஒரு நோயாளிக்கு 50 லட்சம்வரை என்று படித்துவிட்டு நான் சென்னைக்கு ரயில் ஏறினேன். அந்தப் பணம் வீட்டுக்கு வராது, உயர் சிறப்பு மையமாக அறிவித்த மருத்துவமனைக்குப் போகும். அதுவும் பட்டியலில் உள்ள நோய்க்கு, நிரூபணமான சிகிச்சை இருந்தால். அதனால் இதை நம்பி வேறெதையும் தள்ளிப்போடாதீர்கள். ஆனாலும் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் எழும்பூர் குழந்தைகள் நல நிலையம் அந்த மையங்களில் ஒன்று. நாளை ஒரு மருந்து வந்தால் பதிவில் இருப்பவர்களைத்தான் முதலில் தேடுவார்கள்.

8. அடுத்த குழந்தையும் வீட்டிலிருக்கும் மற்ற பிள்ளைகளும்

கருவில் பார்க்க வேண்டுமென்றால் கர்ப்பத்துக்கு முன்பே பெற்றோர் இருவரின் மாற்றமும் உறுதியாகியிருக்க வேண்டும். நஞ்சுக்கொடித் திசுப் பரிசோதனை 11 வாரத்திலிருந்து, பனிக்குட நீர்ப் பரிசோதனை 16 வாரத்திலிருந்து. முடிவு வரச் சில வாரம் ஆகும் என்பதால் நாள் தள்ளிப்போன வாரமே ஆலோசகரைக் கூப்பிடுங்கள்.

என் மகன் சின்னவனுக்கு இப்போது ஐந்து வயது, ஓடி விளையாடுகிறான். அவனையும் பரிசோதித்துவிடு என்று உறவில் வற்புறுத்தினார்கள். அறிகுறி இல்லாத பிள்ளையிடம் நோயைத் தடுக்கும் சிகிச்சை எதுவும் இல்லாதபோது என்ன தேடப்போகிறீர்கள் என்று ஆலோசகர் கேட்டார். அவன் வளர்ந்து, அவனுக்கே தெரிய வேண்டுமென்றால் அவன் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறோம். அவன் கீழே விழும் ஒவ்வொரு முறையும் எனக்கு மூச்சு நிற்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

9. தேதிகள்

ஒரு நோட்டில் முதல் பக்கத்தில் தேதிகளை மட்டும் எழுதி வையுங்கள். அவசரக் கடிதம் ஆறு மாதம், கண் பரிசோதனை ஓராண்டு, நிராமயா புதுப்பிப்பு ஓராண்டு. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான் தருகிறார்கள். இது முற்றும் நோய் என்று மருத்துவர் எழுதிய கடிதத்தை இணைத்து நிரந்தரச் சான்று கேட்டுப் பாருங்கள். தராவிட்டால், முடியும் தேதிக்கு நான்கு மாதம் முன்பே மறுபடி விண்ணப்பியுங்கள், ஏனென்றால் விண்ணப்பித்த பிறகு சான்றிதழ் கைக்கு வர மூன்று மாதம்வரை ஆகலாம், இடையில் உதவித்தொகை நின்றுபோகும். என் மகளுடையது வரும் மார்ச்சில் முடிகிறது. நவம்பர் முதல் வாரத்தை நோட்டில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.